கிட் டெஸ்ட் நெகட்டிவ், ஆனால் நாயின் ஈறு வெளுத்திருக்கிறது: அடுத்து எந்த இரத்தப் பரிசோதனை?

பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மூன்று வயது நாய், காதுக்குள் உண்ணி, நான்கு நாளாகச் சாப்பாடு இல்லை, சிறுநீர் கோப்பி ஓ (பாலில்லாக் கறுப்புக் காப்பி) நிறம். பிசிவி (இரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 17, பிளேட்லெட் (இரத்தத்தை உறைய வைக்கும் அணு) 38,000, இரண்டுமே மிகக் குறைவு. ஸ்னாப் 4டி.எக்ஸ் பிளஸ் கிட்டில் எல்லாம் நெகட்டிவ். "அப்போ உண்ணிக் காய்ச்சல் இல்லையா?"

இருக்கலாம். முதலில் சந்தேகப்பட வேண்டியது பபீசியா, உண்ணி வழியாக வந்து சிவப்பணுவுக்குள் புகும் ஒட்டுண்ணி. அதை அந்தக் கிட் தேடவே தேடாது. கிட் பார்ப்பது இதயப்புழுவும், உண்ணி பரப்பும் எர்லிக்கியா, அனாபிளாஸ்மா, லைம் ஆகிய மூன்றும், இவ்வளவுதான். கடைசி மூன்றிலும் கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடியைத்தான் பார்க்கிறது. அது உருவாக இரண்டு மூன்று வாரம் ஆகலாம். உருவான பிறகு மருந்து முடிந்தும் மாதக்கணக்கில் மறையாது. குணமான நாய்க்கு அதே கிட்டைத் திரும்பப் போட்டுவிட்டு, "இன்னும் பாசிட்டிவ்" என்று டாக்ஸிசைக்ளின் ஆன்டிபயாட்டிக்கை நீட்டுவது வீண்.

இன்றைக்கே கேட்க வேண்டியது இரத்த ஸ்மியர், அதாவது கண்ணாடி ஸ்லைடில் இரத்தத்தைத் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. காது மடல் ஓரத்தில் ஊசியால் குத்தி, முதலில் வரும் துளியிலேயே மெல்லியதாக இழுக்கச் சொல்லுங்கள். நுண்குழாய் இரத்தத்தில் கிருமி தட்டுப்பட வாய்ப்பு அதிகம். நம் ஊர் ஈரக்காற்றில்தான் இந்த வேலை கெட்டுப்போகும். ஸ்மியர் மெதுவாகக் காய்ந்தால் சிவப்பணுக்களுக்குள் நீர்க்குமிழி போல் புள்ளிகள் விழும். பார்க்க அப்படியே பபீசியா. ஃபோகஸை மேலும் கீழும் திருப்பினால் குமிழி பளபளக்கும், பபீசியா பளபளக்காது. ஸ்லைடின் பின்பக்கம் ஹேர் டிரையரைக் காட்டி உடனே உலர்த்திவிட்டால் இந்தக் குழப்பமே வராது. சிவப்பணு மேல் உட்கார்ந்த பிளேட்லெட்டும் ஏமாற்றும், ஆனால் அதைச் சுற்றி வெளிர் வளையம் தெரியும். பபீசியா வகைகளில் கிப்சோனி 1 முதல் 3 மைக்ரான் மோதிரம், வோகெலி அதைவிடப் பெரிய பேரிக்காய் வடிவம். நாள்பட்ட கிப்சோனியில் ஸ்லைடு முழுக்கத் தேடினாலும் ஒன்றுகூடக் கிடைக்காமல் போகலாம்.

அதே ஸ்லைடில் பிளேட்லெட்டையும் எண்ணச் சொல்லுங்கள். எண்ணெய் விட்ட 100 மடங்கு லென்ஸில் ஒரு பார்வைப் புலத்துக்குச் சராசரியாக எத்தனையோ, அதை 15,000ஆல் பெருக்க வேண்டும். இரண்டு மூன்று என்றால் மெஷின் சொன்ன 38,000 உண்மை. ஸ்மியரின் நுனியில் கட்டி கட்டியாகத் தெரிந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

அடுத்து பி.சி.ஆர், கிருமியின் டி.என்.ஏ.வையே தேடும் பரிசோதனை. ஊதா மூடி இ.டி.டி.ஏ குழாயில் 1 மில்லி, கோடு வரை. குறைவாக நிரப்பினால் குழாயிலுள்ள உறைவுத் தடுப்பு மருந்து மிகுந்து சிவப்பணு சுருங்கும், பிசிவி பொய்யாக இறங்கும். எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்தால் போதும், குலுக்கக் கூடாது. பச்சை மூடி ஹெப்பாரின் குழாய் பி.சி.ஆரைக் கெடுக்கும். கூரியரில் கோலாலம்பூர்ப் பக்கம் போகிற மாதிரி என்றால் 4 டிகிரி குளிரில், ஐஸ் பேக் நேராகக் குழாயில் படாமல். பிளேட்லெட் இவ்வளவு குறைந்த நாய்க்குக் கழுத்து இரத்தக்குழாயில் எடுக்க வேண்டாம். காலில் எடுத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

இரத்தம் எடுத்த பிறகே முதல் டோஸ் மருந்து. ஃபாரத்தில் கிப்சோனியும் வோகெலியும் தனித்தனியாக வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள், சிகிச்சையே வேறு. வோகெலிக்கு இமிடோகார்ப் ஊசி. கிப்சோனியை அது ஒழிக்காது. அதற்கு அடோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்து 10 நாள், அடோவாகுவோனைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும்.

பிசிவி 17இல் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க முடியாது, இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம். சலைன் துளியில் சிவப்பணுக்கள் ஒட்டிக்கொண்டால் "ஆட்டோஇம்யூன்" (உடம்பே தன் சிவப்பணுவை அழிப்பது) என்று ஸ்டீராய்டோடு நின்றுவிடும் ஆபத்தும் உண்டு. பபீசியாவே அதைத் தூண்டும் என்பதால் அந்த முடிவு பபீசியாவை விலக்காது.

சிகிச்சை முடிந்து 60ஆம் நாளும் 90ஆம் நாளும் பி.சி.ஆர். இரண்டும் நெகட்டிவாக வந்தால்தான் கணக்கு. கிப்சோனி சண்டைக் கடியிலும் பரவும், அதனால் வீட்டில் இன்னொரு நாய் இருந்தால், அது துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தாலும், அதற்கும் ஒரு குழாய்.