பெர்லின் வெற்றித் தூணில் பீரங்கிக் குழல்கள் ஏன் பதிக்கப்பட்டன?

போரில் வென்றதை ஊருக்கே காட்ட எழுப்புவது வெற்றித் தூண். பெர்லின் தூணைச் சுற்றி, கல்லில் வெட்டிய குழிவுகளில் தங்க முலாம் பூசிய குழல்கள் செங்குத்தாக நிற்கின்றன. டென்மார்க் (1864), ஆஸ்திரியா (1866), பிரான்ஸ் (1870-71) படைகளிடம் பறித்த பீரங்கிகள் அவை.

காரணம் எளிது. சிலையை யாரும் வடிக்கலாம். எதிரியின் பீரங்கி வென்றவனிடம் மட்டுமே இருக்கும். காற்றாடிச் சண்டையில் அறுத்த காற்றாடியை நம் வீட்டு மாடியில் கட்டித் தொங்கவிடுவது போலத்தான். 1810-இல் முடிந்த பாரிஸின் வான்தோம் தூணுக்கும் நெப்போலியன் எதிரிப் பீரங்கிகளைத்தான் பயன்படுத்தினார், ஆனால் உருக்கி வெண்கலத் தகடுகளாக்கிவிட்டார். சொன்னால்தான் தெரியும். பெர்லினில் குழலை முழுசாகவே விட்டதால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்தது. என் கணக்கில் அதுவே கெட்டிக்காரத்தனம்.

உச்சியில் நிற்பவர் வெற்றித் தேவதை விக்டோரியா. உயரம் 8.3 மீட்டர். பெர்லின்காரர்கள் செல்லமாக ‘தங்க எல்சா’ என்பார்கள்.

தூணில் நான்கு அடுக்குகள் இருப்பதால் நான்கு போர்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். 1873-இல் திறந்தபோது இருந்தவை மூன்றே, நான்காவது 1938-39-இல் தூணை இடம் மாற்றியபோது உயரத்துக்காகச் சேர்த்தது, அதில் பீரங்கியே கிடையாது.