டிக்கெட்டில் உள்ள நேரமும் வாசல் நேரமும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (ராயபுரம்): டிக்கெட்டின்படி சிங்கப்பூர் செல்ல ஆறரை மணி நேரமும் திரும்ப ஒன்றரை மணி நேரமும் ஆகின்றன. எது சரி?

பதில்: இரண்டும் தவறு. புறப்பாடு சென்னை நேரப்படியும் வருகை சிங்கப்பூர் நேரப்படியும் அச்சிடப்படுவதைப் பாராமல் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்திருக்கிறீர்கள். அங்குள்ள கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. போகும் கணக்கில் அதைக் கழித்து, வரும் கணக்கில் கூட்டினால் இரு வழியிலும் நான்கு மணி நேரமே வரும். தூரம் சுமார் 2,900 கி.மீ. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்று எத்தனை முறைதான் எழுதுவது?

கேள்வி (தண்டையார்பேட்டை): டெல்லி 1,760 கி.மீ. என்கிறார்கள், 2,180 என்றும் சொல்கிறார்களே?

பதில்: முன்னது வான்வழி, பின்னது இருப்புப் பாதை. விமானத்துக்கு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (விம்கோ நகர்): மதுரைக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். பிறகு ஏன் ரயில்?

பதில்: இக்கேள்வி வாராவாரம் வருகிறது. அந்த ஒரு மணி நேரம் 420 கி.மீ. வானத்துக்கு மட்டும் உரியது. உங்கள் வாசலிலிருந்து மீனம்பாக்கம் வரை உள்ள ஏறத்தாழ 33 கி.மீ. அதில் சேரவில்லை. மெட்ரோவில் மாறாமல் சென்றாலும் ஒரு மணி நேரம். உள்நாட்டுப் பயணத்துக்குக் கவுன்ட்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடப்படுவதால், சோதனை வரிசையையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். டிக்கெட்டின்படி பறக்க ஒன்றேகால். பெட்டிக்குக் காத்திருந்து அவனியாபுரம் தாண்டி மாசி வீதியை அடைய மேலும் ஒன்றேகால். கூட்டினால் ஐந்து மணி நேரம். வந்தே பாரத் எழும்பூரிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. இரவு ரயிலில் தூங்கியே போகலாம். மெட்ரோவை விட்டு எண்ணூர் விரைவுச் சாலையில் ஆட்டோ பிடிப்பவர்களுக்கு எந்தக் கணக்கும் உதவாது. நானே ஒரு முறை காசிமேட்டருகே துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருந்த கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்று, கவுன்ட்டர் மூடிய நான்காம் நிமிடத்தில் வியர்த்து வழியப் போய்ச் சேர்ந்தேன். வாசலிலிருந்து வாசல்வரை கணக்கிடுங்கள்.

கேள்வி (பெரம்பூர்): சென்னையிலிருந்து அமெரிக்கா எவ்வளவு தூரம்?

பதில்: அமெரிக்கா ஓர் ஊரன்று, ஊர்ப் பெயரை எழுதுங்கள். நியூயார்க் என்றால் 13,500 கி.மீ. நேரடி விமானம் இல்லாததால், இடைக் காத்திருப்புடன் 20 மணி நேரத்துக்குக் குறையாது.

கேள்வி (வண்ணாரப்பேட்டை): லண்டன் போகும்போது மட்டும் ஏன் கூடுதல் நேரம்?

பதில்: உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்றை எதிர்த்துப் பறக்க வேண்டியிருப்பதால்.

கேள்வி (காசிமேடு): போர்ட் பிளேர் 735 மைல் என்கிறார் கடலுக்குப் போகும் மாமா. மகன் 1,360 என்கிறான்.

பதில்: இருவரும் சரி. மாமா சொல்வது நாட்டிக்கல் மைல், அது 1.852 கி.மீ. விமானத்தில் இரண்டேகால் மணி நேரம், கப்பலில் சுமார் 60 மணி நேரம். 2024 முதல் அவ்வூரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்பதால் பதிவு செய்யும்போது குழம்ப வேண்டாம். அங்கும் இந்திய நேரமே. இந்த டிக்கெட்டில் தாராளமாகக் கழித்துப் பார்க்கலாம். சூரியன் மட்டும் நமக்கு ஏறக்குறைய 50 நிமிடம் முன்னதாக உதித்துவிடும்.