லாவண்டருக்கும் அரக்குக்கும் ஒத்துவருமா?

கேள்வி: தை மாதம் எனக்குக் கல்யாணம். காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து, காலையில் முகூர்த்தம். மறுநாள் மாலை மதுரையில் ஏசி மண்டபத்தில் ரிசப்ஷன். எல்லாமே லாவண்டர் நிறத்தில் இருக்கவேண்டும் என்பது என் ஆசை. வருங்கால மாமியாரோ அரக்கு நிறத்தில் கூரைப்புடவை எடுத்துவிட்டார். டெகரேஷன்காரர் காட்டுகிற படமெல்லாம் போன மாதம் தோழி கல்யாணத்தில் பார்த்ததேதான். எங்கள் கல்யாணம் எங்களுடையதாகத் தெரிய என்ன செய்யலாம்?
- மணப்பெண், மதுரை

பதில்: முதலில் வாழ்த்துகள். லாவண்டர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் கல்யாணத்தில் தெர்மாகோலில் இதயம் வெட்டி, அதில் ஜிகினா தூவிப் பெயர் எழுதியிருந்தார்கள். அன்றைக்கு அதுதான் ஃபேஷன், எல்லார் மேடையிலும் அதே இதயம். இப்போது அந்த இடத்தில் லாவண்டர், அவ்வளவுதான்.

ஆனால் செட்டிநாட்டு வீட்டில் அதைக் கொண்டுபோய்ப் போர்த்தாதீர்கள். அங்கே நிறம் ஏற்கெனவே இருக்கிறது. தரையில் ஆத்தங்குடிக் கல்லின் மஞ்சளும் செங்கல் சிவப்பும் பச்சையும், தலைக்கு மேலே பர்மாத் தேக்கின் கருஞ்சிவப்பு. அரக்குப் புடவையோடு அந்த முற்றத்தில் உட்கார்ந்தால் வீடே உங்களுக்காகக் கட்டியதுபோல இருக்கும். அதன்மேல் ஊதாத் துணியைத் தொங்கவிட்டால், கொடுத்த வாடகை வீண். குருத்தோலைத் தோரணம், வாழைமரம், காவிக்கரை போட்ட பெரிய கோலம் போதும். சுவரில் ஆணி அடிக்கலாமா என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி இழைத்த சுவராக இருந்தால் ஒரு ஆணிக்கும் விடமாட்டார்கள், விடவும் கூடாது.

லாவண்டர் ஆசைக்கு அங்கே ஒரே ஒரு இடம் தருகிறேன்: டிசம்பர் பூ. மார்கழி, தையில் பூக்கும் நம் ஊர் ஊதா அதுதான். அந்த நேரம் மல்லிகை வரத்து குறைந்து விலை எகிறிக்கிடக்கும் என்பதால், தோழிகளின் தலைக்கும் தாம்பூலத் தட்டுக்கும் இதுவே அழகு. இதழ் ரொம்ப மெல்லிசு. மேடை முழுக்கக் கட்டச் சொல்லாதீர்கள், தாங்காது.

ரிசப்ஷனில்தான் உங்கள் ராஜ்ஜியம். புடவை இன்னும் எடுக்கவில்லை என்றால், காஞ்சிபுரத்தில் உடல் லாவண்டர், கரை அரக்கு என்று கோர்வைப் பட்டாகச் சொல்லுங்கள். உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் கோத்து நெய்வது அந்த ஊர்க்காரர்களுக்குக் கைவந்த வேலை. மாமியாரின் அரக்கு மறுநாளும் உங்களோடு வரும், இரண்டு நாளும் ஒரே கல்யாணமாகத் தெரியும். நெய்து கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும், அதனால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், புடவை லாவண்டர் என்றால் பின்னணியும் லாவண்டர் வேண்டாம். போட்டோவில் முகமும் நகையும் மட்டும் மிதக்கும். பின்னால் தந்த நிறமோ இலைப்பச்சையோ வைக்கச் சொல்லுங்கள். மஞ்சள் விளக்கில் லாவண்டர் சாம்பல் அடிக்கும். சரி என்று ஊதா எல்இடி போட்டால் மாப்பிள்ளை முகம் நீலம் பூத்துவிடும். ஒருநாள் மாலை புடவைத் துண்டோடு மண்டபத்துக்குப் போய், மேடை விளக்கை எல்லாம் போடச் சொல்லிப் பாருங்கள். டெகரேஷன்காரரையும் கூட்டிப்போங்கள். செல்போனில் படம் காட்டும் வேலை அங்கே நடக்காது.

உங்களுடையதாகத் தெரியவேண்டும் என்றீர்களே, அம்மாவின் கல்யாணப் புடவை பீரோவில் இருக்கிறதா? அதன் கரையில் மயில்கண்ணோ ருத்திராட்சமோ கோபுரமோ எது இருந்தாலும், அதையே பத்திரிகையின் ஓரத்திலும் தாம்பூலப் பையிலும் அச்சடியுங்கள். எந்த டெகரேஷன்காரர் ஆல்பத்திலும் அது இருக்காது.

கரை அரக்கு என்கிற சேதியை மாமியாரிடம் நீங்களே போன் போட்டுச் சொல்லுங்கள். அம்மா வழியாகப் போகவேண்டாம்.