மோட்டார் சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை

கேள்வி: என்னிடம் 1930ஆம் ஆண்டின் ஃபோர்டு மாடல் ஏ கார் இருக்கிறது. காலால் ஸ்டார்ட்டரை மிதித்தால் சில நாள் மோட்டார் மட்டும் 'விர்ர்' என்று சுற்றுகிறது, இன்ஜின் அசைவதில்லை. சில நாள் ஒரே ஒரு 'டக்', அதோடு எல்லாம் நின்றுவிடுகிறது. பட்டறையில் ஆர்மேச்சருக்கு (மோட்டாருக்குள் சுழலும் பகுதி) புதிதாகக் காயில் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: வேண்டாம், பொறுங்கள். விர்ரென்று சுற்றும் மோட்டாரின் காயில் நன்றாகவே இருக்கிறது. உங்கள் காரின் கோளாறு மோட்டாருக்கும் ஃப்ளைவீலுக்கும் (இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரம்) நடுவே, பெண்டிக்ஸ் என்னும் பகுதியில் இருக்கிறது.

ஷாஃப்டின் மேல் மரை வெட்டிய குழல் ஒன்று, அதன் மேல் பினியன் என்னும் சிறு பற்சக்கரம். மோட்டார் திடீரென்று சுழலும்போது பினியன் தன் எடையால் பின்தங்கும். அதனால் மரை வழியாக நகர்ந்து, ஃப்ளைவீலின் விளிம்பைச் சுற்றியுள்ள பல்வளையமான ரிங் கியரின் பற்களைப் பிடிக்கும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ரிங் கியர் அதைத் திருப்பித் தள்ளிவிடும். முதல் அதிர்ச்சியைத் தாங்குவது தடித்த ஒரு ஸ்பிரிங். மின்சாரம் இல்லாமல் மரையையும் எடையையும் மட்டுமே நம்பிய இந்த அமைப்பை எத்தனை முறை பிரித்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

ஸ்பிரிங் உடைந்திருந்தால் மோட்டார் தினமும் வெறுமனே சுற்றும். உங்களுக்குச் சில நாள் பிடிக்கிறது, சில நாள் பிடிக்கவில்லை. ஆகவே மரையில் அழுக்கு ஏறியிருக்கிறது என்பதே என் முதல் சந்தேகம். நல்லெண்ணத்தோடு யாரோ கிரீஸ் தடவியிருப்பார்கள். கிளட்ச் தூசி அதில் ஒட்டிப் பசையாகிவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மூன்று போல்ட்டையும் எடுத்து ஸ்டார்ட்டரை வெளியே கொண்டுவாருங்கள். மரையை மண்ணெண்ணெயில் கழுவி உலரவிடுங்கள். பினியன் விரல் பட்டதும் வழுக்கி ஓட வேண்டும். அதற்குமேல் எதுவும் தடவ வேண்டாம்.

'டக்' சத்தம் பினியன் சிக்கிக்கொண்டதற்கான அடையாளம். அப்போது மிதித்துக்கொண்டே இருக்காதீர்கள். நல்ல காயிலும் எரிந்துவிடும். இக்னிஷனை அணைத்து, மூன்றாம் கியரில் போட்டு, காரை முன்னும் பின்னும் ஆட்டினால் பெரும்பாலும் விடுபடும். விடவில்லை என்றால் மூன்று போல்ட்டையும் சற்றுத் தளர்த்துங்கள். அடிக்கடி சிக்கினால், அந்த போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஷாஃப்ட் வளைவதற்கும் ஸ்பிரிங் உடைவதற்கும் முக்கியக் காரணம் ஓட்டுநரின் கையில் இருக்கிறது. ஸ்டியரிங்கின் இடப்பக்க நெம்புகோல் தீப்பொறி நேரத்தை மாற்றுவது. ஸ்டார்ட் செய்யும்போது அது முழுக்க மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் பொறி முந்தி விழுந்து, இன்ஜின் பின்பக்கம் உதைக்கும். அந்த உதை முழுவதும் பெண்டிக்ஸின் மேல்தான் விழும். மிதிக்கும் முன் அந்த நெம்புகோலைப் பார்ப்பதைத் தயவுசெய்து பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட்டர் வெளியே இருக்கும்போதே ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்திருந்தால் ஆர்மேச்சர் உள்ளே உரசும், உரசிய இடம் பளபளக்கும். மோட்டார் மந்தமாகச் சுற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். புஷ் மாற்றுவது சிறு செலவு.

பிறகு, அந்தத் திறப்பு வழியே விளக்கடித்து ரிங் கியரைப் பாருங்கள். கைப்பிடியால் இன்ஜினை மெதுவாகச் சுற்றச் செய்து 112 பற்களையும் பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிற்கும்போது பெரும்பாலும் எதிரெதிரான இரண்டே இடங்களில்தான் வந்து நிற்கும். அந்த இரு இடங்களின் பற்களே தேயும். அங்கே 'கரகர' என்று அரைத்து, காரை ஒரு சாண் தள்ளியதும் பிடித்துக்கொண்டால் சந்தேகமே இல்லை. ஆனால் இதைச் சரிசெய்ய கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். கிளட்ச் வேலைக்காக எப்படியும் இறக்கும் நாள்வரை பொறுக்கலாம். அன்று ரிங் கியரைச் சூடாக்கிக் கழற்றி, கால் சுற்று திருப்பி மாட்டினால், தேயாத பற்கள் அந்த இடத்துக்கு வந்துவிடும்.