கண்மாய்க்கு எந்தக் குஞ்சு கட்டுப்படியாகும்?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் 20 ஏக்கர் கண்மாயை மீன்பாசி குத்தகைக்கு, அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமைக்கு, எடுத்திருக்கிறேன். எட்டு மாதம் தண்ணீர் நிற்கும். புரோக்கர் ஒருவர் 60 பைசா வீதம் ஒரு லட்சம் சிறுகுஞ்சு தருகிறேன் என்கிறார். பண்ணையில் விரலளவுக் குஞ்சு 3 ரூபாய். எதை வாங்கலாம்?

பதில்: விரலளவுக் குஞ்சையே வாங்குங்கள். 60 பைசாவுக்கு ஒரு லட்சம் வாங்கினாலும் 60,000 ரூபாய், 3 ரூபாய்க்கு 20,000 வாங்கினாலும் அதேதான். ஒரு அங்குலக் குஞ்சைக் கண்மாயில் கொட்டினால் விராலுக்கும் கெளுத்திக்கும் தீனி. நூற்றுக்கு ஐந்து தேறினால் 5,000 மீன். ஒன்றின் அடக்கம் 12 ரூபாய். நாலு அங்குலக் கட்லா, ரோகு, மிர்காலில் பாதி தேறினாலே 10,000 மீன். அடக்கம் 6 ரூபாய். உங்கள் கண்மாய்க்கு 20,000 தாராளம்.

புரோக்கர் சொல்லும் எண்ணிக்கையை நம்பவே நம்பாதீர்கள். ஆயிரம் என்று சொல்லி இறக்கிய ஆக்சிஜன் பை ஒன்றை நானே பிரித்து எண்ணினேன், 640தான் இருந்தது. அடியில் செத்தவை வெள்ளையாகக் கிடந்தன. வடிகட்டிக் கிண்ணத்தில் அளந்து தருவார்கள்; ஒரு கிண்ணத்தை மட்டும் எண்ணி, கிண்ணக் கணக்கால் பெருக்கிக்கொள்வார்கள். எந்தக் கிண்ணத்தை எண்ணுவது என்பதை நீங்கள் சொல்லுங்கள், அவர் எடுத்து வைத்ததை வேண்டாம். குஞ்சு பண்ணையிலிருந்து நேராக வரட்டும். பவானிசாகர், மேட்டூர் அணை, ஆழியாறு என்று அரசுப் பண்ணைகள் இருக்கின்றன.

கோடையில் கண்மாய் அடியோடு வறண்டிருந்தால் சிறுகுஞ்சு விடலாமே என்பீர்கள். விடலாம்தான். ஆனால் அடியோடு என்றால் மடைப்பள்ளமும் வெடித்துக் காய்ந்திருக்க வேண்டும். முழங்கால் சேறு இருந்தாலும் விரால் காற்றைக் குடித்தே உயிரோடு கிடக்கும். பள்ளம் காய்ந்தாலும் தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால் வழியே மேல்கண்மாய் விரால் இறங்கிவிடும். வரத்துக்காலில் தட்டி கட்ட முடிந்தால் மட்டும் சிறுகுஞ்சை யோசியுங்கள்.

இன்னொன்று எனக்கு ஆறவே ஆறாது. குத்தகைக்குக் கணக்கு வைக்கும் பசலி ஆண்டு ஜூலை 1-இல் பிறக்கிறது, பண்ணையில் குஞ்சு பொரிப்பதும் அந்த மாதங்களில்தான். குத்தகை உத்தரவோ எத்தனையோ ஊர்களில் கார்த்திகையில்தான் கைக்கு வருகிறது. அதற்குள் நல்ல குஞ்சு விற்றுத் தீர்ந்து, குத்தகைதாரர் புரோக்கரிடம் போய் நிற்கிறார். உங்களுக்கும் உத்தரவு இன்னும் வரவில்லை என்றால், அதற்குக் காத்திராமல் இப்போதே பண்ணையில் சொல்லி வையுங்கள்.

மிகைநீர் வழியும் கலுங்கிலும், பாசனத்துக்குத் திறக்கும் மடையிலும் வலை கட்டும் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். ஐப்பசி மழையில் மறுகால் பாய்ந்தால் ஒரே இரவில் உங்கள் குஞ்சு கீழ்க்கண்மாய்க்குப் போய்விடும்.