கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் ஒரு சீரியல் டிரைவர்

தம்பி, ஈசிஇ இறுதியாண்டு படிக்கிறேன், எம்பெடட் (கருவிகளுக்குள் இருக்கும் சிப்புக்கு நிரல் எழுதும்) வேலைக்கான நேர்காணலில் இரண்டாம் சுற்றோடு அனுப்பிவிட்டார்கள், அப்பா ஆறு மாத கோர்ஸுக்குப் பணம் கட்டத் தயாராக இருக்கிறார், கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கே தடுக்கியது என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "யூஆர்ட் இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் மியூடெக்ஸ் எடுக்கலாமா?" என்றார்கள். (யூஆர்ட் என்பது பைட்டை ஒவ்வொரு பிட்டாக அனுப்பி வாங்கும் சீரியல் வசதி; பைட் வந்ததும் ஓடும் வேலையை நிறுத்திவிட்டுப் புகும் சிறு நிரல் இன்டரப்ட் ஹேண்ட்லர்; ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் அனுமதிக்கும் பூட்டு மியூடெக்ஸ்.) "கூடாது" என்று சரியாகச் சொன்னீர்கள். "ஏன்?" என்றதும் பேச்சு நின்றுவிட்டது.

அந்த "ஏன்" உங்களுக்குப் பிடிபட வேண்டும். மியூடெக்ஸ் கிடைக்காவிட்டால், எந்த வேலை எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் கெர்னல், கேட்ட டாஸ்க்கை, அதாவது வேலையை, தூங்க வைத்துவிட்டு வேறொன்றை ஓட்டும். ஹேண்ட்லர் டாஸ்க்கே கிடையாது. ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு டாஸ்க்கை நடுவில் நிறுத்திவிட்டு வந்து நிற்கிறது. அதைத் தூங்க வைக்க கெர்னலுக்கு வழியில்லை. ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற கெர்னலில் ஹேண்ட்லரிலிருந்து அழைப்பதற்கென்றே 'ஃப்ரம் ஐஎஸ்ஆர்' என்று முடியும் தனி ஃபங்ஷன்கள் இருப்பது இதனால்தான். அவை காத்திருப்பதே இல்லை.

அடுத்து நேரக் கணக்கு. 115200 பாட் (வினாடிக்கு இத்தனை பிட்) வேகத்தில் ஸ்டார்ட், ஸ்டாப் பிட்களையும் சேர்த்தால் ஒரு பைட்டுக்கு 10 பிட். அதாவது சுமார் 87 மைக்ரோவினாடிக்கு ஒரு பைட் வந்துகொண்டே இருக்கும். எஸ்டிஎம்32எஃப்103 போன்ற சிப்பின் யூஆர்ட்டில் ஃபிஃபோ (வந்த பைட்களை வரிசையாக வைக்கும் இடம்) இல்லை. வந்த பைட்டை வைத்திருக்க ஒரே ஒரு ரிஜிஸ்டர். வேறெங்கோ ஒருவர், குறுக்கீடு கூடாத பகுதி, அதாவது கிரிட்டிக்கல் செக்‌ஷன் என்று 200 மைக்ரோவினாடி இன்டரப்ட்டை மூடி வைத்தால் உங்கள் பைட் தொலைந்துவிடும். பைட் தவறியதைச் சொல்லும் ஓவர்ரன் கொடியும் ஏறும். அந்தக் கொடியைக் கவனிக்காமல், 'டேட்டா வந்ததா' என்று மட்டும் பார்த்துத் திரும்பும் ஹேண்ட்லர் சில நேரம் கொடி இறங்காததால் திரும்பத் திரும்ப அழைக்கப்பட்டு, போர்டே உறைந்து நிற்கலாம். நான் ஃபர்ம்வேர் வேலையில் இருந்த காலத்தில் இதே தவறைச் செய்துவிட்டு இரண்டு நாள் வயரைச் சந்தேகித்திருக்கிறேன்.

இன்னொரு இடத்தில் பலரும் வழுக்குவார்கள். இத்தகைய சிப்புகளின் ப்ராசஸரான கார்டெக்ஸ்-எம்மில் முன்னுரிமை எண் சிறிதானால் முன்னுரிமை பெரிது. ரீசெட் ஆனதும் எல்லா இன்டரப்ட்டுக்கும் இருப்பது 0, அதாவது உச்சம். கெர்னல் அனுமதிக்கும் வரம்பைத் தாண்டிய அந்த உயரத்திலிருந்து, டாஸ்க்குக்கு டேட்டா கொடுக்கும் க்யூவில் போட்டால் கெர்னலின் உள் பட்டியல்கள் என்றைக்கோ ஒருநாள் குலையும். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் சோதனை வசதியான கான்ஃபிக் அசர்ட்டைத் திறந்து வைத்தால், கார்டெக்ஸ்-எம்3, எம்4 சிப்புகளில் அந்த இடத்திலேயே பிடித்துக் கொடுக்கும்.

வந்த பைட்களைச் சுற்றிச் சுற்றி வைக்கும் ரிங் பஃபரை நீங்கள் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அதில் 'கவுண்ட்' என்று ஒரு மாறியை ஹேண்ட்லர் கூட்டி, டாஸ்க் கழிக்கிறதா என்று பாருங்கள். கழித்தல் என்பது எடுத்து, மாற்றி, திரும்ப வைக்கும் மூன்று படி; நடுவில் இன்டரப்ட் புகுந்தால் அது கூட்டியது அழிந்துவிடும். போடும் இடத்தைக் காட்டும் ஹெட்டை ஹேண்ட்லர் மட்டும், எடுக்கும் இடத்தைக் காட்டும் டெய்லை டாஸ்க் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியது. சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ, எஸ்டிஎம்32எஃப்103 உள்ள ஒரு ப்ளூ பில் போர்டும், அதன் யூஆர்ட்டைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி-டிடிஎல் கன்வெர்ட்டரும் வாங்குங்கள். பைட்களை வாங்கும் சீரியல் டிரைவரைப் போர்டில் எழுதி ஓட்டுங்கள். கணினியிலிருந்து 0 முதல் 255 வரை இடைவிடாமல் சுற்றிச் சுற்றி அனுப்பி, எத்தனை எண் விடுபடுகிறது என்று எண்ணுங்கள். பிறகு வேண்டுமென்றே இன்டரப்ட்டை 200 மைக்ரோவினாடி மூடி, விடுபடுவதைக் கண்ணால் பாருங்கள். ப்ராசஸர் தலையிடாமல் பைட்களை நினைவகத்தில் வைக்கும் டிஎம்ஏவுக்கு மாறி மறுபடி எண்ணுங்கள். மூன்று எண்ணிக்கையையும், கோட் எங்கே மாறியது என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி கிட்ஹப்பில் வையுங்கள். ரெஸ்யூமேயில் சான்றிதழ்களுக்கு மேலே அந்த இணைப்பு வரட்டும். நேர்காணல் செய்பவராக நான் உட்கார்ந்திருந்தால் அதிலிருந்துதான் கேள்வியைத் தொடங்குவேன்.

அப்பாவிடம் ஆறு வாரம் கேளுங்கள். அதற்குப் பிறகும் கோர்ஸ் வேண்டும் என்று தோன்றினால், சேரும் முன் அங்கே பாடம் எடுப்பவரிடம் உங்கள் ஹேண்ட்லரைக் காட்டி, இதில் என்ன தவறு என்று கேளுங்கள். உங்கள் புரோகிராமைத் திறந்து படித்துப் பதில் சொல்கிறாரா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம்.