இரும்பில்லாத மீட்டர்: மின்னியங்கு அளவீட்டுக் கருவிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: நிரந்தரக் காந்தம் இல்லாத மீட்டரில் முள் எதனால் திரும்புகிறது?

பதில்: காந்தத்தின் வேலையை இங்கே நிலைச்சுருள், அதாவது அசையாத கம்பிச்சுருள், செய்கிறது; அதன் புலத்தில் முள் பொருத்திய இயங்குசுருள் திரும்புகிறது. மின்னோட்டம் பாயும் கம்பிகளுக்கிடையேயான விசையைச் சொல்லும் ஆம்பியரின் விதியைச் சோதிக்க வில்ஹெல்ம் வெபர் 1840-களில் அமைத்த கருவியின் வழிவந்த அமைப்பு இது. நிலைச்சுருளை இரண்டு பாதிகளாகப் பிரித்து வைத்திருப்பதால் நடுவில் காந்தப்புலம் ஏறத்தாழச் சீராக அமைகிறது. இயங்குசுருளின் தண்டு செல்லவும் வழி கிடைக்கிறது. இயங்குசுருளுக்கு மின்னோட்டத்தைக் கொண்டுசெல்வதும் முள்ளைப் பூஜ்யத்திற்கு இழுப்பதும் இரண்டு மெல்லிய சுருள்வில்களே. திருப்புவிசை, இரு மின்னோட்டங்களின் பெருக்கற்பலனைப் பொறுத்தது.

கேள்வி: அப்படியானால் ஏ.சி.யில் முள் இருபுறமும் ஆட வேண்டாமா?

பதில்: வேண்டியதில்லை. இரு மின்னோட்டங்களும் ஒரே நேரத்தில் திசை மாறுவதால் விசையின் திசை மாறுவதில்லை. இரண்டுக்கும் இடையே கட்டக்கோணம் (ஒன்று மற்றதைவிடப் பிந்தும் அளவு) இருந்தால், முள் சராசரி விசைக்கேற்ப நிற்கிறது; அந்தக் கோணத்தின் கொசைன் அதில் தானாகவே வந்துவிடுகிறது. மின்திறனை அளக்கும் வாட்மீட்டரில் நிலைச்சுருள் சுமையின் மின்னோட்டத்தைச் சுமக்கும் மின்னோட்டச் சுருளாகவும், இயங்குசுருள் மின்னழுத்தத்துக்கேற்ற சிறு மின்னோட்டம் பாயும் மின்னழுத்தச் சுருளாகவும் அமையும்; அதற்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறில்லை என்பது என் கருத்து. மேலும், உள்ளே இரும்பு இல்லாததால் தயக்க இழப்பால் (இரும்பின் காந்தமாக்கல் புலத்துக்குப் பின்தங்குவதால்) வரும் பிழையும் இல்லை, ஆகவே டி.சி.யில் அளவுதிருத்தம் செய்த கருவியை மின்விநியோக அதிர்வெண்ணில் ஏ.சி.க்கும் நம்பிப் பயன்படுத்தலாம்.

கேள்வி: அம்மீட்டரில் தொடக்க அளவுகள் ஏன் நெருக்கமாக உள்ளன?

பதில்: இரு சுருள்களிலும் ஒரே மின்னோட்டம் பாய்வதால் விலகல் அதன் வர்க்கத்தைத் தொடர்கிறது; ஆகவே சிறிய மின்னோட்டங்களில் முள் மிகக் குறைவாகவே நகர்கிறது.

கேள்வி: வெளிப்புறக் காந்தப்புலம் அளவீட்டைப் பாதிக்குமா?

பதில்: பாதிக்கும். இரும்பைத் தவிர்த்ததற்கான விலை இதுதான். கருவியின் சொந்தப் புலம் 5 மில்லிடெஸ்லா அளவே இருக்கும்போது, புவியின் காந்தப்புலமே அதில் ஏறத்தாழ 1 விழுக்காடு ஆகிவிடுகிறது. இதனால்தான் முள்ளின் ஆட்டத்தைத் தணிக்கக் காந்தத்தை வைக்காமல் காற்றறையைப் பயன்படுத்துகிறார்கள். கருவியைச் சுற்றித் தகடுகளால் ஆன இரும்புக் கவசமும் உண்டு. டி.சி.யில் அளக்கும்போது இரு சுருள்களின் மின்னோட்டத்தையும் திருப்பி மறுபடி ஒருமுறை அளந்து, சராசரியை எடுத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: 60 வாட் குண்டு பல்புக்கு வாட்மீட்டர் 67 வாட் காட்டுகிறது. மீட்டர் பழுதா?

பதில்: பல்பில் அச்சிட்ட அளவும் துல்லியமானதன்று; எனினும் முதலில் இணைப்பைப் பாருங்கள். மின்னழுத்தச் சுருளின் பொதுமுனையை எல் முனையில், அதாவது சுமைப் பக்கம், கொடுத்திருந்தால் அந்தச் சுருள் உண்ணும் திறனும் கணக்கில் சேர்கிறது. அதன் மொத்த மின்தடை 8000 ஓம், மின்னழுத்தம் 240 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் இது 7.2 வாட். பொதுமுனையை எம் முனைக்கு, அதாவது மின்வழங்கல் பக்கத்துக்கு, மாற்றினால் மின்னோட்டச் சுருளின் இழப்பு மட்டுமே சேரும். கால் ஆம்பியர் பாயும் 0.5 ஓம் சுருளில் அது 0.03 வாட்தான். சுமை மின்னோட்டம் மிகுதியாக இருந்தால் எல் பக்க இணைப்பே மேலானது.

கேள்வி: சுமையில்லா மின்மாற்றியை அளக்கச் சாதாரண வாட்மீட்டர் போதாதா?

பதில்: போதாது. அதன் திறன் காரணி (மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையேயான கட்டக்கோணத்தின் கொசைன்) மிகக் குறைவு. மின்னழுத்தச் சுருளின் தூண்டலால் அதன் மின்னோட்டம் அரை டிகிரி பிந்தினாலும், திறன் காரணி 0.1 பின்தங்கலாக உள்ள சுமையில் அளவு சுமார் 8.7 விழுக்காடு கூடுதலாகத் தெரியும். திறன் காரணி 1 ஆக உள்ள சுமையில் இதே பிந்தல் கண்ணுக்கே தெரியாது. குறைந்த திறன் காரணிக்கான வாட்மீட்டரில் மின்னழுத்தச் சுருளோடு தொடராக உள்ள மின்தடையின் ஒரு பகுதிக்கு இணையாக மின்தேக்கியை வைத்து இந்தப் பிந்தலை ஈடுசெய்கிறார்கள். மின்னழுத்தச் சுருளின் சொந்த நுகர்வைக் கழிக்க ஈடுசெய் சுருளும், சிறிய திருப்புவிசைக்கேற்ற மென்மையான சுருள்வில்களும் அதில் இருக்கும்.